நம் குன்றுக்கு வழி கேட்காதவர்கள்

ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வருடந்தோறும் நேபாளத்துக்கு யாத்திரை போகிறோம். சித்திரை வைகாசியில் ஒரு கூட்டம், புரட்டாசி ஐப்பசியில் ஒரு கூட்டம். ஆலையில் காலம் முழுக்க ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தவர்கள், அந்த ஒரு தரிசனத்துக்காகவே சீட்டுப் பணம் எடுத்து வைத்தவர்கள் அதில் அதிகம். பெங்களூரில் விமானம் ஏறுகிறோம். அல்லது ரயிலில் கோரக்பூர் போய், சுனௌலி எல்லையை பஸ்ஸில் கடக்கிறோம். சமையல்காரரும் கூடவே வருகிறார். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, அங்கே 3,700 மீட்டருக்கு மேல் முக்திநாத்தாக நிற்கிறது. 108 தாரைகளின் உறைகிற தண்ணீரிலும் தலையைக் கொடுத்து ஓடி வருகிறோம். இந்த யாத்திரைக்குத் தமிழக அரசே மானியம் தருகிறது. அந்தப் பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது, அங்கே நாம் எப்படி இருக்கிறோம் என்பதைப் பற்றி. அங்கே நாம் நல்ல மாணவர்கள். வழிகாட்டி கை நீட்டினால் அந்தப் பக்கம் பார்க்கிறோம். காளிகண்டகி ஆற்றில் கிடைக்கும் கல் எப்படிச் சாளக்கிராமமாகிறது என்று அவர் சொன்னால் வாய் திறக்காமல் கேட்கிறோம். முக்திநாத்துக்குப் பக்கத்தில் ஜ்வாலா மாயி கோயிலில் பாறை இடுக்கில் இயற்கை எரிவாயு எரிகிறது, அந்தச் சுடரைப் பௌத்தப் பெண் துறவிகள் பார்த்துக்கொள்கிறார்கள், இந்துவும் பௌத்தரும் ஒரே சுடரை வணங்குகிறார்கள் என்றால் கண் கலங்குகிறோம். பசுபதிநாத்தில் மூல பட்டர்கள் வழிவழியாகக் கர்நாடகத்திலிருந்து போனவர்கள் என்று கேட்டதும், நம் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர் என்று உரிமையோடு சிரிக்கிறோம். லும்பினியில் அசோகர் நட்ட தூணுக்கு முன் கைகட்டி நிற்கிறோம். புத்தர் பிறந்த ஊர் என்பதால் அசோகர் இந்தக் கிராமத்துக்கு வரியை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தார், அது இந்தக் கல்லிலேயே வெட்டியிருக்கிறது, 1896இல்தான் இந்தத் தூணைக் கண்டுபிடித்தார்கள் என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல, ஒரு கல்லில் நாலு வரி எழுத்து இருந்தால் ஒரு ஊரின் கதையே மாறும் என்பது நமக்குப் புரிகிறது.

அந்தப் புரிதலை நாம் சுனௌலியிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

நம் ஊரில் கல்லில் எழுத்து இல்லையா? பல்லவர் காலம் தொட்டு விஜயநகர் காலம் வரையிலான நடுகற்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கின்றன. ஆநிரை மீட்டுச் செத்தவன், புலியோடு சண்டையிட்டு மாண்டவன், ஊரழிவில் வீழ்ந்தவன், கணவனோடு தீப்பாய்ந்தவள் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு சாவு இருக்கிறது. வட்டெழுத்தில் சில, தமிழில் சில, கன்னடத்தில் சில. செத்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட செய்தியும் இப்படிப்பட்ட கற்களில் உண்டு. மன்னனின் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு எல்லா ஊரிலும் கிடைக்கும். மாடு மேய்த்தவனின் பெயரையும் அவன் தகப்பன் பெயரையும் ஆயிரம் வருடமாகச் சொல்லிக்கொண்டு நிற்கிற கல், தர்மபுரி கிருஷ்ணகிரி செங்கம் பக்கத்தில் இருக்கிற அளவுக்குத் தமிழ்நாட்டின் வேறெந்தப் பகுதியிலும் இல்லை.

அவற்றை இதுவரை காத்தவர்கள் நாம் இல்லை. வேடியப்பன் என்று பெயர் வைத்து மஞ்சள் பூசி, மாட்டுப் பொங்கலன்று பொங்கல் வைத்துக் கும்பிட்ட குடியானவர்கள் காத்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் காத்தார்கள். அவர்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். அது சாமி, அசைக்கக்கூடாது என்று தெரிந்திருந்தது. படித்த நாம்தான் மனைப்பிரிவு போட வரும்போது அந்தக் கல்லை ஓரமாகப் புரட்டிப் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்திர எண் சரியா, பாங்க் லோன் கிடைக்குமா, பெங்களூருக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டோம். இந்த மனையில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை.

இங்கே ‘நாம்’ என்பது யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1970களிலும் 80களிலும் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வந்தன. அவற்றோடு நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இறங்கியவர்களின் ஊர் ஓசூர். இப்போது மாநகராட்சி. நாற்பது வருடம் கழித்தும் ‘சொந்த ஊர் எது’ என்றால் இன்னொரு ஊரின் பெயரைச் சொல்கிறோம். குலதெய்வம் அங்கே, பங்காளி அங்கே, பொங்கல் அங்கே. ஓசூர் என்பது சம்பளம் வாங்குகிற இடம். இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தோம். அவர்களுக்கு அப்பாவின் ஊரும் சொந்தமில்லை, பிறந்த ஊரும் சொந்தமில்லை. இந்த ஊரின் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சைக் கேலி செய்யக் கற்றுக்கொண்டார்களே தவிர, அந்தப் பேச்சு ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவில்லை. நுளம்பர், கங்கர், சோழர், ஹொய்சாளர், விஜயநகரத்தார், மைசூரார் என்று எத்தனை பேர் ஆண்ட மண் இது! பங்குனியில் சந்திரசூடேஸ்வரர் தேருக்கு மூன்று மாநிலத்திலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். நமக்கு அது போக்குவரத்து மாற்றிவிடப்படும் நாள்.

மயிலாடும்பாறையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. பர்கூர் பக்கத்தில், தொகரப்பள்ளிக்கு அருகில் இருக்கிறது அந்தக் குன்று. 2003இல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. கிடைத்த மாதிரிகளைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் ஒன்று கி.மு. 1615 என்றும் இன்னொன்று கி.மு. 2172 என்றும் வந்தது. 2022 மே 9 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்: தமிழகத்தில் இரும்பின் வயது 4,200 ஆண்டு. நாம் லும்பினியில் கைகட்டி நின்ற தூணைவிட ஏறத்தாழ 1,900 ஆண்டு மூத்தது. பிறகு 2025 ஜனவரியில் சிவகளை அகழாய்வு அதையும் தாண்டிக் காலத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய்விட்டது. அதனால் மயிலாடும்பாறையின் மதிப்பு குறையவில்லை.

அந்த அறிவிப்பு வந்த அன்று நாம் என்ன செய்தோம்? செய்தியை வாட்ஸப்பில் அனுப்பினோம். மீம் போட்டோம். இரும்பை உருக்குவதும் வார்ப்பதும் கடைவதும்தான் நம் தொழில். ஃபவுண்டரி, ஃபோர்ஜிங், மெஷின் ஷாப் என்று இரும்பைத் தொட்டே சோறு தின்கிற ஊர் இந்த ஊர். உலகத்தில் யாருக்கு அந்தக் குன்று சொந்தமென்றால் ஓசூர்த் தொழிலாளிக்கு முதலில் சொந்தம். அதே நெடுஞ்சாலையில் சென்னைக்குப் போகும்போது பர்கூரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வண்டியைத் திருப்பினவர்கள் நம்மில் எத்தனை பேர்? தமிழன் மூத்தவன் என்று சொல்வதில் இருந்த அவசரம், அந்த மூத்தவன் எங்கே படுத்திருக்கிறான் என்று போய்ப் பார்ப்பதில் இல்லை. 2024இல் ஊத்தங்கரை வட்டம் சென்னானூரிலும் தோண்டினார்கள். அந்தப் பெயராவது நம் வீடுகளில் பேசப்பட்டதா?

மல்லச்சந்திரம் இன்னும் பக்கம். சூளகிரி வழியாகப் போகலாம். பாறைமேட்டில் நூற்றுக்கணக்கான கல்திட்டைகள். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல், முன்பக்கம் வட்டமாக வெட்டிய துளை. சிலவற்றுக்கு வெளியே சுற்றிலும் தலை வளைந்த பலகைகள் பூ விரிந்தது போல நிற்கும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். இரும்புக் காலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்குக் கட்டிய வீடுகள் அவை. இறந்தவனுக்கு இத்தனை டன் கல்லைப் பெயர்த்துக் கூரை போட்ட சமூகம் எப்படிப்பட்டது என்று யோசித்தால், வேறு யாத்திரையே வேண்டியிருக்காது என்று தோன்றும். அது மிகை, யாத்திரையும் வேண்டும். ஆனால் கல்திட்டைக்கு வேண்டியிருந்ததும் கிரானைட் பாறைதான், இன்றைய குவாரிக்கு வேண்டியதும் அதே பாறைதான் என்பதை நாம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நம் வீட்டுச் சமையல் மேடைக்குக் கறுப்பா, சிவப்பா என்று பளபளப்பைத் தடவிப் பார்த்து வாங்கியவர்கள் நாம். வேலிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் திட்டையின் பலகையைப் பெயர்த்துப்போன ஏழை விவசாயியைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

இன்னும் பெயர்கள் இருக்கின்றன. வேப்பனப்பள்ளிப் பக்கத்துச் சின்னகொத்தூர்தான் ஒரு காலத்துக் குந்தாணி. கண்ணனூரைப் பாண்டியரிடம் இழந்த ஹொய்சாள ராமநாதன் 13ஆம் நூற்றாண்டில் தலைநகராக வைத்துக்கொண்ட ஊர். காவேரிப்பட்டினம் அருகே தென்பெண்ணைக் கரையில் பெண்ணேஸ்வரமடம். தொரப்பள்ளியில் 1878இல் ராஜாஜி பிறந்த வீடு. 1792இல் திப்புவிடமிருந்து, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கை மாறியதும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை முதலில் சோதித்துப் பார்த்தது இந்தப் பாராமகாலில்தான். அசோகர் ஒரு கிராமத்தின் வரியைக் குறைத்ததைக் கேட்டு வியந்த நாம், தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு நிலவரியின் கணக்கு எழுதப்பட்ட மண்ணில் பட்டா வாங்கி வீடு கட்டியிருக்கிறோம்.

அங்கே பார்த்ததில் கற்றுக்கொள்ள வேண்டியதையும் விட்டுவிட்டோம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் காத்மாண்டுவின் காஷ்டமண்டபம் தரைமட்டமானது. அந்த நகரத்துக்கே பெயர் தந்த மண்டபம். அதை ஒப்பந்தக்காரர் கையில் விடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் போராடி, குழு அமைத்து, பழைய முறையிலேயே மரமும் செங்கல்லும் கொண்டு எழுப்பினார்கள். 2022இல் வேலை முடிந்தது. நேவாரி மக்களிடம் குத்தி என்றொரு ஏற்பாடு இருக்கிறது. குத்தி நிலத்தின் வருமானத்தில் கோயில் விளக்கு, திருவிழா வாத்தியம், மண்டபப் பழுது எல்லாம் நடக்கும். குடும்பம் குடும்பமாகப் பொறுப்பு வரும். 2019இல் அதை அரசின் கைக்குள் கொண்டுவர ஒரு மசோதா வந்தபோது ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. நாம் சுற்றிப் பார்த்து வியந்த கோபுரங்களுக்குப் பின்னால் இருந்தது இதுதான். நாம் கோபுரத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டோம்.

பசுபதிநாத்தில் பாக்மதியைப் பார்த்து மூக்கைப் பொத்தினோம். இவ்வளவு புண்ணிய நதியை இப்படி வைத்திருக்கிறார்களே என்று வருத்தப்பட்டோம். 2013 மே மாதத்திலிருந்து அந்த ஊர் மக்கள் சனிக்கிழமைதோறும் கையுறை மாட்டி அதில் இறங்கிக் குப்பை அள்ளுகிறார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு வார விடுமுறை நாள். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவைச் சுமந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கி, பெண்ணேஸ்வரமடம் பக்கம் போகிற தென்பெண்ணைக்கு நாம் எந்த நாளைக் கொடுத்தோம்? பக்கத்து மாநிலம் கலக்கிறது என்பது உண்மை. நம் பக்கத்து ஓடையில் நாமும் விட்டது என்ன என்று நாம் திரும்பிப் பார்த்ததில்லை என்பதும் உண்மை.

எல்லாவற்றையும்விட உறுத்துவது வேறு ஒன்று. வழிகாட்டிக்கு நாம் காட்டிய மரியாதை. நேபாளத்தில் வழிகாட்டியாவதற்குப் பயிற்சி உண்டு, உரிமம் உண்டு. அது ஒரு பிழைப்பு, கௌரவமான பிழைப்பு. பூட்டானுக்குப் போனால் இந்தியர்கள் ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் கட்டுகிறோம், அந்த நாட்டின் காட்டையும் மரபையும் காப்பதற்கென்று, முணுமுணுக்காமல் கட்டுகிறோம். நேபாள யாத்திரையின் கடைசி நாளில் குழுவே பணம் திரட்டி வழிகாட்டியின் கையில் கொடுத்துக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருகிறோம். இங்கே, நம் மாவட்டத்தில், விடுமுறை நாட்களில் சொந்தப் பெட்ரோல் போட்டு, முள்ளுக்குள் புகுந்து, நடுகல்லைத் தேடி, மாவு தடவி எழுத்தைப் படியெடுத்து, பத்திரிகைக்குச் செய்தி தருகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், சிறு வியாபாரிகள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள். மாவட்டப் பக்கத்தில் மூலையில் அவர்கள் படம் வரும். நாம் பக்கத்தைத் திருப்பினோம். அவர்களில் ஒருவரை நம் குடியிருப்பு சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அழைத்துப் பேசச் சொன்னோமா? ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அவர்களுக்குக் கொடுத்தோமா? தொகரப்பள்ளியிலும் மல்லச்சந்திரத்திலும் இருக்கிற இளைஞன், தன் ஊர்க் குன்றைப் பற்றிப் பேசிக் காட்டி அதில் ஒரு வருமானம் பார்க்கலாம் என்று நினைக்கவே நாம் இடம் தரவில்லை. அவன் ஆலை வாசலில் ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்கிறான்.

நம் வாசலில் நிற்கிற இன்னொருவரும் இருக்கிறார். குடியிருப்பின் இரவுக் காவலாளி, சாப்பாட்டுக் கடையில் தட்டு எடுப்பவர், நூடுல்ஸ் வண்டியில் நிற்பவர். 1950 ஒப்பந்தத்தின்படி கடவுச்சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி வேலைக்கு வரும் நேபாளிகள். வெளிநாட்டிலிருந்து இப்படி உழைத்து அனுப்புகிற பணம் அந்த நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு. அவர்கள் தேசத்து மலைகளின் பெயரெல்லாம் நமக்கு மனப்பாடம். நம் வாசலில் நிற்பவருடைய பெயர் தெரியாது. கூர்க்கா, பகதூர் என்று கூப்பிட்டே காலம் ஓட்டிவிட்டோம். ஓசூரில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆலைக்கு ஆலை வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி. அதே நவமியில் நேபாளத்தில் தசைன் திருவிழா. அவர்களும் அன்று வண்டிக்கும் கருவிக்கும் பூஜை போடுகிறார்கள். மறுநாள் பெரியவர்கள் கையால் நெற்றியில் டீக்கா இட்டு, முளைப்பயிரைக் காதில் செருகிக்கொள்வார்கள். பெரியவர் கை படாத நெற்றியோடு அவர் நம் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். நாம் பொரிப் பொட்டலத்தை நீட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். அண்ணா, உங்களுக்கும் இன்று பண்டிகைதானே என்று கேட்டிருந்தால் முக்திநாத் பயணத்தில் கேட்ட எந்த வார்த்தையும் அதற்கு ஈடாகியிருக்காது.

இனி செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தச் செலவுக்கான பட்டியலில் பாரம்பரியத்தையும் கலையையும் காப்பது தெளிவாக இருக்கிறது. அந்தச் செலவை முடிவு செய்யும் கமிட்டிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மில் சிலர். தொகரப்பள்ளி, மல்லச்சந்திரம், சின்னகொத்தூர் இளைஞர்களில் சிலருக்குப் பயிற்சியும் சம்பளமும் தரச் சொல்லி அடுத்த கூட்டத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்களே, பிள்ளைகளைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப்போகும் வருடங்களில் ஒரு வருடத்தை மயிலாடும்பாறைக்குத் தாருங்கள். போகும்போது உள்ளூர் ஆய்வாளர் ஒருவரைக் கூப்பிட்டு, முக்திநாத்தில் கொடுத்த மாதிரியே கையில் பணம் கொடுத்து அனுப்புங்கள். குன்றின் மீது பெயர் கிறுக்காமல், எலும்புத் துண்டையோ பானை ஓட்டையோ பையில் போடாமல் வர வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிக் கொடுங்கள். மனை வாங்குகிறவர்கள், புரட்டிக் கிடக்கும் கல்லைப் பார்த்தால் வருவாய்த் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ ஒரு தகவல் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் நம் மாவட்டத்து நடுகற்களையும் பானைகளையும் வைத்துக்கொண்டு 1993 முதல் இயங்கிவருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். வரும் ஞாயிறு வீட்டோடு போய் வாருங்கள். அங்கிருப்பவர்களிடம் ஒவ்வொரு கல்லும் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.